காட்டுக்குள் ஒரு பஞ்சாயத்து

வால்பாறை மலைக்குத் தெற்கே, இடுக்கி மாவட்டக் காட்டுக்குள் இருக்கிறது இடமலைக்குடி. 2010இல் மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரிந்து, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தானது. இருபதுக்கும் மேற்பட்ட குடிகள், அதாவது குடியிருப்புகள், காடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் வாழ்வது முதுவர் பழங்குடியினர், மொத்தம் ஏறத்தாழ 2,500 பேர். மதுரையிலிருந்து வந்த வம்சம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

பெட்டிமுடி என்ற இடத்திலிருந்து அங்கே போக நெடுங்காலம் நடைதான் வழியாக இருந்தது. அரிசி தலைச்சுமையாகப் போகும். நோயாளியைக் கம்பில் கட்டிய கம்பளியில் தூக்கி வருவார்கள். எவ்வளவு பெரிய அநியாயம்!

அப்படிப்பட்ட காட்டுக்குள்ளும், இருப்புக்கல்லுக்குடியில் ஒரு டீக்கடைக்காரர் நூலகம் நடத்தினார். சாக்குப் பைகளில் 160 புத்தகங்கள். சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் அவற்றில் இருந்தது. யார் எடுத்தார்கள், எப்போது திருப்பித் தந்தார்கள் என்று நோட்டில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்.