மூன்று நிமிடங்கள்

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வானொலியில் பேச வந்தால், அறிவுரை கூறத்தான் வந்திருப்பார் என்று நீங்கள் எண்ணுவது இயல்பே. ஆனால், இன்று நான் கூற வந்திருப்பது அறிவுரையன்று. நான் செய்த ஒரு பிழையின் கதை.

1992-ஆம் ஆண்டு. தியாகராய நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். ஆண்டு விழாவுக்குரிய நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பழைய பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து நின்றான். அதனுள் சாக்ஸபோன் இருந்தது. அவனுடைய தந்தை கல்யாண ஊர்வலங்களில் பாண்டு வாசிப்பவர். "ஐயா, ஜாஸ் இசையில் ஒன்று வாசிக்கட்டுமா?" என்று கேட்டான். பெட்டியைத் திறக்கக்கூட நான் விடவில்லை. "தம்பி, இது பள்ளிக்கூடம், நடன விடுதி அன்று" என்றேன். "சரிங்க ஐயா" என்று கூறிவிட்டு அவன் போய்விட்டான்.

அன்று மாலை மயிலாப்பூரில் என் தாய்மாமன் வீட்டில், நான் செய்ததைப் பெருமையாகவே சொன்னேன். காலையில் அரியக்குடியையும் மாலையில் எல்லிங்டனையும் கேட்டு மகிழ்பவர் அவர். என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏண்டா, நீ கேட்டுவிட்டு வேண்டாம் என்றாயா? கேட்காமலே வேண்டாம் என்றாயா?" என்றார். நான் விடை கூறவில்லை. அவர் எழுந்து, மூர் மார்க்கெட்டில் எந்தக் காலத்திலோ வாங்கிய இசைத்தட்டு ஒன்றை எடுத்துக் கிராமபோனில் வைத்தார். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டு. ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும்.

"மூன்று முறை கேள்" என்றார் மாமா. "முதல் முறை, அடியில் நடக்கும் பெரிய தந்தி வாத்தியத்தை மட்டும் கவனி. இரண்டாம் முறை, சாக்ஸபோன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பேசுவதைக் கவனி. மூன்றாம் முறை, தனியாக எழுந்து வாசிப்பவனை மட்டும் கவனி." ஒன்பது நிமிடம் ஆயிற்று. நான் இரைச்சல் என்று எண்ணியது இரைச்சலன்று, ஓர் ஒழுங்கு என்பது அப்போது எனக்குத் தெரிந்தது.

அந்த ஒழுங்கு எத்தகையது? ஏறத்தாழ 1935 முதல் 1945 வரை அமெரிக்காவில் செழித்திருந்த பெருங்குழு ஜாஸ் இசைக்கு ஸ்விங் என்று பெயர். பென்னி குட்மன் குழு 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெற்ற பெருவெற்றியை அக்காலத்தின் தொடக்கமாகக் கூறுவது வழக்கம். குழுவில் பதினைந்து பேர் அளவில் இருப்பார்கள். டிரம்பெட்டும் டிராம்போனும் ஓர் அணி; சாக்ஸபோன்கள் மற்றோர் அணி; பியானோ, கிடார், பாஸ், முரசு ஆகியவை தாளத்தைத் தாங்கும் அணி. ஓர் அணி கேள்வி கேட்கும். மற்றோர் அணி விடை கூறும். இடையே ஒருவர் எழுந்து தம் கற்பனைக்கேற்ப வாசிப்பார். ஆயினும், பாட்டின் அளவை அவர் மீறமாட்டார். சுற்று முடியும் இடத்தில் மற்றவரோடு சரியாக வந்து சேருவார். கற்பனைஸ்வரம் பாடிவிட்டுப் பல்லவியின் எடுப்பில் வந்து நிற்கும் நம் வித்துவானை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளத்தின் ஊசலாட்டத்தை உங்கள் கையாலேயே அறியலாம். தொடையில் சீராகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் 'தகிட' என்று மூன்று மாத்திரைகள் சொல்லுங்கள். பிறகு நடுவிலுள்ள 'கி'யை மனத்திற்குள் மட்டும் வைத்துக்கொண்டு, 'த'வையும் 'ட'வையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். த-ட, த-ட என்று ஒரு துள்ளல் பிறக்கிறதன்றோ? மிதமான வேகத்தில் ஸ்விங் நடை ஏறத்தாழ இதுவே. வேகம் கூடக் கூட இரண்டும் சமமாகிக்கொண்டு போகும். திஸ்ர நடையை அறிந்த நமக்கு இது அயலான பொருளன்று.

மாமா வைத்த தட்டு, டியூக் எல்லிங்டன் குழு 1941 பிப்ரவரி 15 அன்று பதிவு செய்த 'டேக் தி ஏ டிரெயின்'. அதன் கதையில் வானொலிக்கும் பங்குண்டு. அவ்வாண்டின் தொடக்கத்தில், இசையமைப்பாளர் சங்கத்திற்கும் அமெரிக்க வானொலி நிலையங்களுக்கும் கட்டணம் குறித்துப் பூசல் மூண்டது. அச்சங்கத்தைச் சேர்ந்தவரான எல்லிங்டனின் பாடல்களை வானொலியில் ஒலிபரப்ப இயலாது போயிற்று. சங்கத்தில் சேராத இளைஞர்கள் இருவர், குழுவிற்காகப் புதிய உருப்படிகளை இயற்றினர். ஒருவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். மற்றவர் எல்லிங்டனின் மகன் மெர்ஸர். நியூயார்க்கில் ஹார்லம் பகுதிக்குச் செல்ல 'ஏ' என்னும் ரயிலில் ஏறவேண்டும் என்ற வழிக்குறிப்பே பாட்டாயிற்று. "பறக்கும் ரயிலில் ஏறித் திருமயிலையில் இறங்கு" என்று நாம் நண்பனுக்குச் சொல்வதில்லையா? அது போலத்தான்! அந்தப் பாட்டே பின்னர்க் குழுவின் அடையாள இசையாகிவிட்டது.

ரயிலைப் பற்றி இன்னொன்றும் கூறவேண்டும். 1927 முதல் எல்லிங்டன் குழு வாசித்துப் புகழ் பெற்ற காட்டன் கிளப் என்னும் விடுதியில், மேடை கறுப்பின மக்களுக்கு. பார்வையாளர் இருக்கைகளோ வெள்ளையருக்கு. தென் மாநிலங்களில் பயணம் செய்யும்போது தங்குவதற்கு விடுதியில் இடம் மறுக்கப்பட்டது. ஆகவே, 1930-களில் எல்லிங்டன் தம் குழுவினருக்குத் தனி ரயில் பெட்டிகளை வாடகைக்கு அமர்த்தினார். அவற்றிலேயே உண்டு உறங்கி, மாலையில் பழுதற்ற உடை உடுத்தி மேடை ஏறினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நினைவுக்கு வந்தார். அவர் பிறந்தது 1898. எல்லிங்டன் பிறந்தது 1899. நின்றுகொண்டும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டும் வாசிப்பதே நாகசுரக்காரருக்கு விதி என்றிருந்த நாளில், பாடகருக்குச் சமமாக மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என்று நிமிர்ந்து நின்றவர் அவர். கடல்கள் பிரித்த இருவர் தம் வாத்தியத்தின் மானத்தைத் தம் மானமாகக் கொண்டனர்.

இந்த இசை நம் நாட்டுக்கும் வந்தது. 1930-களிலேயே பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் அமெரிக்கக் கறுப்பின இசைவாணர் வாசித்தனர். அவர்களுள் பியானோ மேதை டெடி வெதர்ஃபோர்டு 1945-இல் கல்கத்தாவில் காலமானார். கோவாவைச் சேர்ந்த கலைஞர் பலர் இவ்விசையைப் பயின்று, பின்னர்த் திரைப்பட வாத்தியக் குழுக்களுக்கு அதைக் கொண்டு சென்றனர். 1963-இல் எல்லிங்டனின் குழுவே இந்தியாவுக்கு வந்தது. நம் சென்னையிலும் வாசித்தது. மாமா நேரில் கேட்டவர். அப்பயணத்தில் ஸ்ட்ரேஹார்னும் உடன் வந்தார். டில்லியில் அவர் தங்கிய அறைக்கு வெளியே கூவிய மைனாவின் குரல், குழுவின் கிளாரினெட்டில் ஓர் இசையாக மலர்ந்தது. நம் ராகங்களை அவசரமாகப் பிரதி செய்ய அவர்கள் முற்படவில்லை. கேட்டதை மனத்தில் ஊறவிட்டு, 1966 டிசம்பரில் 'ஃபார் ஈஸ்ட் ஸூட்' என்னும் இசைத்தொகுப்பாகப் பதிவு செய்தனர். பிறருடைய கலையைக் கேட்பதற்கு இது ஒரு நல்ல இலக்கணம்.

இனி, அந்த மாணவனிடம் வருகிறேன். மறுநாளே அவனை அழைத்து, "வாசி, கேட்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போய்விட்டது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் கூறிக்கொண்டேன். ஆசிரியன் மாணவன் முன் சொன்ன சொல்லை மாற்றுவதா என்ற வீம்புதான் உண்மைக் காரணம். தேர்வு முடிந்ததும் அவன் பள்ளியை விட்டுச் சென்றான். 1994-இல் 'டூயட்' திரைப்படத்தில் கத்ரி கோபால்நாத் அவர்களின் சாக்ஸபோனைக் கேட்டு ஊரே உருகியது. அதே ஆண்டு அவர் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்திலும் கர்நாடக இசை வாசித்தார். எல்லோரும் பாராட்டிய அந்நாளில், நான் திறக்கவிடாத பெட்டிதான் என் கண்முன் நின்றது.

அடுத்து வந்த ஆண்டு விழாக்களில் எந்த மாணவனையும் கேட்காமல் நான் திருப்பி அனுப்பியதில்லை. கேட்ட பிறகு வேண்டாம் என்று சொன்னதுண்டு. அது ஆசிரியனின் கடமை. கேட்கும் முன் சொல்வது கடமையன்று. ஆனால், பிறருக்குச் செய்த நன்மை எதுவும் அவனுக்குச் செய்த தீமையை ஈடு செய்யாது.

மாணவர்களே, உங்களுக்குப் பழக்கமில்லாத இசை ஒன்று காதில் விழுந்தால், அதற்கு மூன்று நிமிடம் கொடுங்கள். இயன்றால் மூன்று முறை கேளுங்கள். அதன்பின் பிடிக்கவில்லை என்றால், தாராளமாக அவ்வாறே சொல்லுங்கள். அந்த உரிமையை அப்போது நீங்கள் ஈட்டியிருப்பீர்கள். அன்று பெட்டியுடன் வந்த அந்த மாணவன் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவனுக்கும் ஒரு சொல்: தம்பி, இப்போது நான் கேட்கத் தயாராக இருக்கிறேன்.