குட்டியின் எடை எங்கே தீர்மானமாகிறது?

ஒரே கிடாய்க்குப் பிறந்த குட்டிகளில் ஒன்று திடமாகவும் இன்னொன்று நோஞ்சானாகவும் இருப்பதைப் பட்டியில் பார்த்திருப்பீர்கள். பரம்பரை மட்டும் இதற்குக் காரணமல்ல.

சேலம், ஈரோடு, கரூர் பக்கம் வளரும் மேச்சேரி செம்மறியையே எடுத்துக்கொள்வோம்.

இந்த ஆட்டின் சினைக்காலம் சுமார் 5 மாதம். குட்டி வயிற்றில் வேகமாக வளர்வது கடைசி 6 வாரங்களில்தான். அப்போது தாய்க்குத் தீனி குறைந்தால், குட்டி எடை குறைந்து பிறக்கும். மடியில் பாலும் குறையும். தலை ஈத்து ஆடு தானே இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், அதன் குட்டி பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். இரட்டைக் குட்டிகளோ வயிற்றிலும் இடத்தைப் பங்குபோட்டு, வெளியே வந்தபின் பாலையும் பங்குபோடுகின்றன.

பருவமும் பேசும். மழைக்குப் பின் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் தழைத்திருக்கும்போது பிறந்த குட்டிக்கும், கோடையில் பிறந்த குட்டிக்கும் வளர்ச்சி ஒன்றாக இருக்காது. அதே மழைக்காலத்தில் குடற்புழுவும் பெருகும்; ஆடு தின்ற தீனியின் பலனை அது பறித்துவிடும்.

ஆகவே நிறைசினை ஆட்டுக்குக் கூடுதல் தீனி கொடுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குட்டிக்குச் சீம்பால் ஊட்டுங்கள். கால்நடை மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். பொலிகிடாய் தேர்ந்தெடுக்கும்போது, இரட்டையில் ஒன்றாகப் பிறந்த குட்டியை எடை குறைவென்று உடனே ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல பரம்பரை அதனிடமும் இருக்கலாம்.