அரசியல் படிப்பு யாருக்கு?

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமக்கு இன்று கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு வேறு. ஆனால் கொட்டகைக்குள் நுழையுமுன் வாசலில் ஒரு தோழர் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு எதைப் பேசினாலும் அது நாம் அவருக்குச் செய்யும் அபசாரம் என்று தோன்றியதால் தலைப்பை மாற்றிக் கொள்கிறோம். தலைவரவர்கள் மன்னிக்க வேண்டும்.

அத்தோழர் தறி நெய்கிறவர். அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்கிறான். காலேஜுக்கு மனுப்போட இன்னும் நாலு நாள்தான் இருக்கிறதாம். பையன் அரசியல்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதமாயிருக்கிறான். தகப்பனார் கேட்கிறார்: "ஐயா, டாக்டருக்குப் படித்தால் ஊசி போடுவான், என்ஜினீயருக்குப் படித்தால் பாலம் கட்டுவான். அரசியல் படித்தால் என்ன செய்வான்? ஓட்டுக் கேட்பதற்கும் ஒரு பரீட்சை உண்டா? எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அவருக்கு எந்த வாத்தியார் அரசியல் சொல்லிக் கொடுத்தார்?"

சிரிக்கிறீர்கள், நாமும் சிரித்தோம். சிரித்துவிட்டு, "உங்கள் பஞ்சாயத்தில் கணக்கை யார் எழுதுகிறார்?" என்று அவரைத் திருப்பிக் கேட்டோம். "கிளார்க்கு எழுதுகிறார்" என்றார். "தலைவர் என்ன செய்கிறார்?" என்றோம். "காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்" என்றார். தோழர்களே, பதிலில் பாதி இதிலேயே வந்துவிட்டது. நாற்காலியில் உட்காருவது ஒன்று, ஆளுவது வேறொன்று. தெரியாதவன் எவ்வளவு உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தெரிந்தவன் காட்டிய இடத்தில்தான் அவன் கையெழுத்துப் போடவேண்டும்.

அரசியல் படிப்பு என்றால் ஓட்டுச் சேர்க்கும் வித்தையென்று நம்மவர்கள் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. ஒருவன் கட்டளையிடவும் மற்றவன் கீழ்ப்படியவும் எங்கிருந்து அதிகாரம் வந்தது, சட்டத்தை யார் எழுதுகிறார், வரியை யார் கொடுக்கிறார், அதை யார் செலவழிக்கிறார், இவற்றை மாற்ற வேண்டுமானால் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பவைதான் அந்தப் படிப்பு. இதைப் பலகாலமாக யார் படித்து வந்தார்கள் என்று பார்த்தால், யார் ஆளப்போகிறார்களோ அவர்கள்தான் படித்து வந்தார்கள். ஆளப்படுகிறவனுக்கு அது வேண்டாத படிப்பு என்று சொல்லப்பட்டது. வேதத்தை யார் காதால் கேட்கலாம் என்று வைத்திருந்ததற்கும் இதற்கும் நமக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

நம்மை ஆண்ட வெள்ளைக்காரர்களின் கதையையே எடுத்துக் கொள்வோம். 1855ல் இந்திய சிவில் சர்வீசுக்குப் போட்டிப் பரீட்சை வைத்தார்கள். திறமையுள்ள எவரும் எழுதலாம் என்று விளம்பரம். மெக்காலே கமிட்டியார் சிபார்சு செய்த மார்க்குகளைக் கேளுங்கள். கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. நம் தமிழுக்கு அந்தப் போட்டியில் இடமே கிடையாது. தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் வந்து வரி வசூலிக்கப் போகிறவனுக்குக் கிரேக்கம் எதற்கு? ஒன்றுக்குமில்லை. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்துக் கொண்டிருந்தது அதுதான். ஆகவே அவர்கள் படித்ததற்கு மார்க்குப் போட்டார்கள். பரீட்சையைத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியை மட்டும் ஆள் உயரத்துக்குக் கட்டிவிட்டார்கள்!

பிறகு, கிரேக்கமும் லத்தீனும் மாத்திரம் படித்தால் இந்தக் காலத்துக்குப் போதாது என்று ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் 1920ல் தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் சேர்த்து ஒரு புதுப் பட்டம் ஏற்படுத்தினார்கள். (அந்த வருஷந்தான் அங்கே பெண்களுக்கும் பட்டம் கொடுக்கச் சம்மதித்தார்கள். அதுவரை பெண்கள் நாற்பது வருஷமாக அங்கே படித்தார்கள், பரீட்சையும் எழுதினார்கள், பட்டம் மாத்திரம் கிடையாது!) அந்தப் படிப்பிலிருந்து வந்த இங்கிலாந்துப் பிரதம மந்திரிகளைக் கேளுங்கள்: ஹெரால்டு வில்சன், எட்வர்டு ஹீத், டேவிட் காமரன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக். பிறகு யாராவது, "அரசியல் படித்து என்ன செய்வான்?" என்று கேட்கலாமா? ஆனால் இதனால் அந்தப் படிப்பு அறிவைக் கொட்டிக் கொடுத்துவிடுகிறது என்றும் நாம் சொல்ல வரவில்லை. அரசியலும் பொருளாதாரமும் சேர்த்தே படித்த அந்த டிரஸ் அம்மையார் 2022ல் பிரதமராயிருந்தது 49 நாள்தான். நாம் சொல்ல வருவது, அந்தப் படிப்பு அவர்களுக்கு வாசற்படியாக இருந்தது என்பதே.

இனி, அதே ஆக்ஸ்போர்டு பட்டணத்தில் தொழிலாளிகள் அரசியல் படிக்கப் போனபோது என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது நம்மவர்கள் அதிகம் கேள்விப்படாத சங்கதி.

1899ல் சார்லஸ் பியர்டு, வால்டர் வ்ரூமன் என்ற இரண்டு அமெரிக்க வாலிபர்கள் அங்கே தொழிலாளிகளுக்கென்று ஒரு கல்லூரி ஆரம்பித்தார்கள். ரஸ்கின் கல்லூரி என்று பேர். பியர்டுக்கு அப்போது வயது 24. சுரங்கக் கூலிகளும் ரயில்வேக்காரர்களும் மில் தொழிலாளிகளும் தங்கள் சங்கம் கொடுத்த பணத்தில் அங்கே வந்து படித்தார்கள். அதன் தலைவராயிருந்தவர் டென்னிஸ் ஹர்டு. அவர் முன்பு பாதிரியாராக இருந்து, பாதிரி உத்தியோகத்தை விட்டு வெளியே வந்தவர். மனிதன் எப்படி உண்டானான் என்பதைப் படங்களோடு விளக்கி ஒரு புத்தகம் எழுதியவர். கல்லூரியில் அவர் பரிணாமத்தையும் சமூக சாஸ்திரத்தையும் போதித்தார். சுரங்கக் கூலி அதைக் கேட்டால் என்ன நினைப்பான்? குரங்கு மனிதனாக மாறியது உண்மையானால், முதலாளி முதலாளியாகவே என்றென்றைக்கும் இருப்பான் என்பது மாத்திரம் எப்படி நிச்சயம் என்றுதானே நினைப்பான்?

நிர்வாக சபையாருக்கு இது பிடிக்கவில்லை. 1907ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்கு அதிபதியாக வந்தவர் யார் தெரியுமா? நம்முடைய பழைய வைசிராய், வங்காளத்தை இரண்டாக வெட்டிய அதே கர்ஸன் பிரபுதான். அவர் ரஸ்கின் கல்லூரிக்கும் விஜயம் செய்து, இதைச் சர்வகலாசாலையோடு நெருக்கமாகச் சேர்த்துக் கொண்டால் நல்லது என்று பேசினார். கேட்பதற்கு எவ்வளவு தயாளமான வார்த்தை! ஆனால் மாணவர்களுக்கு அதன் அர்த்தம் புரிந்தது. தங்கள் சங்கத்தார் தங்களை அனுப்பியது, திரும்பி வந்து கூலிக்காரனுக்காகப் பேசுவதற்கே ஒழிய, பிரபுக்களோடு டீ குடித்து அவர்களைப் போலப் பேசக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவதற்கல்ல என்று அவர்கள் சொன்னார்கள். கல்லூரியில் சொல்லிக் கொடுத்த பொருளாதாரம் முதலாளி வாய்ச்சொல்லாகவே இருக்கிறதென்று, தாங்களே தனி வகுப்பு வைத்து மார்க்ஸைப் படித்தார்கள். 1908ல் பிளெப்ஸ் சங்கம் என்று ஒன்று கூட்டினார்கள். பிளெப்ஸ் என்றால் பழைய ரோமாபுரியில் மேல்சாதியார் அல்லாத சாமானிய ஜனங்களுக்குப் பேர். கீழானவர்கள் என்று பிறர் வைத்த பேரையே தலையில் சூடிக் கொண்டார்கள் பாருங்கள், அந்த மானம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

1909ல் ஹர்டை வேலையிலிருந்து நீக்கினார்கள். உடனே மாணவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்காக வேலை நிறுத்தம் செய்வது நாம் கண்டது. பாடத்துக்காக, இன்னதைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக, சுரங்கக் கூலிகள் வேலை நிறுத்தம் செய்ததை எங்கேயாவது கேட்டதுண்டா? கல்லூரியை மூடினார்கள். ஹர்டு திரும்பி வரவில்லை. மாணவர்கள் அந்த வருஷமே மத்தியத் தொழிலாளர் கல்லூரி என்று தாங்களாகவே ஒன்றை ஏற்படுத்தி ஹர்டையே அதற்குத் தலைவராக்கினார்கள். 1911ல் அது லண்டனுக்குப் போயிற்று. தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் ரயில்வே சங்கமும் பணம் கொடுத்து நடத்தின. 1929ல் பணமில்லாமல் மூடிவிட்டார்கள். இருபது வருஷத்துக் கல்லூரி. பட்டம் கொடுக்க அதற்கு அதிகாரமுமில்லை.

அப்படியானால் அதனால் என்ன பிரயோஜனம் என்பீர்கள். அங்கே 1919 முதல் 1921 வரை படித்தவர் அன்யூரின் பெவன். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். வகுப்புக்கு ஒழுங்காய்ப் போகிறவரல்ல, காலையில் நேரத்தோடு எழுந்திருக்கமாட்டார் என்றும் சொல்வார்கள். அதைப் பிள்ளைகள் பின்பற்ற வேண்டாம்! அவர் பிறந்த ட்ரெடிகர் ஊரில், தொழிலாளிகள் தங்கள் கூலியில் ஒரு பங்கைப் போட்டு, குடும்பத்தோடு வைத்தியம் பார்த்துக் கொள்ள ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஊருக்குச் செய்ததை ஏன் நாட்டுக்கே செய்யக் கூடாது என்பதுதான் அவர் கேட்ட அரசியல். சுகாதார மந்திரியாகி, 1948 ஜூலை 5ந் தேதி முதல், இங்கிலாந்தில் யாரும் வைத்தியசாலையில் காசு கொடுக்காமல் வைத்தியம் பெறலாம் என்று செய்தார். அதே வருஷங்களில் அதே கல்லூரியில் படித்த இன்னொரு சுரங்கக் கூலி ஜேம்ஸ் கிரிபித்ஸ், 1946ல் தேசிய இன்ஷூரன்ஸ் சட்டத்தைக் கொண்டு வந்தார். ஐந்து பிரதமர்களைக் கொடுத்த படிப்பையும் இதையும் பக்கத்தில் வைத்து நீங்களே எடைபோட்டுக் கொள்ளுங்கள்.

இனி அந்தப் பியர்டு என்ன ஆனார்? அமெரிக்காவுக்குத் திரும்பி, நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் அரசியல் ஆசிரியரானார். 1913ல் ஒரு புத்தகம் போட்டார். அமெரிக்க அரசியல் சட்டத்தை 1787ல் எழுதியவர்களின் பெட்டியில் என்ன பத்திரங்கள் இருந்தன, அந்தச் சட்டத்தால் யாருக்கு லாபம் என்று கேட்டார். அமெரிக்கர்களுக்கு அந்தச் சட்டம் வேத வாக்கியம் போல. கேட்டால் சும்மா இருப்பார்களா? பெரிய கூச்சல் கிளம்பிற்று. அவர் போட்ட கணக்குகளில் பலவற்றைப் பின்னால் வந்த சரித்திரக்காரர்கள் தப்பென்று காட்டினார்கள், காட்டட்டும். சட்டம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல, அதை எழுதிய கைக்கு ஒரு சொந்தக்காரன் உண்டு என்ற பேச்சை அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. 1917ல் யுத்தத்தை எதிர்த்த இரண்டு ஆசிரியர்களைச் சர்வகலாசாலை வெளியேற்றியபோது, தாம் யுத்தத்தை ஆதரித்தவராயிருந்தும், அபிப்பிராயத்துக்காக ஒருவரை வெளியேற்றுவதா என்று பியர்டு வேலையை ராஜிநாமாச் செய்தார்.

அந்தப் புத்தகம் வந்த அதே 1913ல், பரோடா மன்னர் கொடுத்த உபகாரச் சம்பளத்தில் கொலம்பியாவுக்குப் படிக்கப் போனவர் தோழர் அம்பேத்கர். அங்கே பொருளாதாரம், சரித்திரம், சமூக சாஸ்திரம் எல்லாம் அரசியல் சாஸ்திரப் பிரிவின் கீழ்தான் இருந்தன. 1916 மே மாதம், 25 வயதில், ஜாதியைப் பற்றி அங்கே ஒரு கட்டுரை வாசித்தார். ஜாதியைக் கடவுளும் செய்யவில்லை, மனு ஒருவனே உட்கார்ந்து செய்துவிடவுமில்லை. தன் கூட்டத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யவேண்டும் என்று வேலி போட்டதிலிருந்து உண்டானது, உடன்கட்டையும் விதவைக் கொடுமையும் சிறு பெண் கல்யாணமும் அந்த வேலியைக் காக்கப் போட்ட முட்கள் என்று காட்டினார். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாதென்று சொல்லப்பட்ட ஜாதியில் பிறந்தவர் 1947 ஆகஸ்டில் இந்நாட்டு அரசியல் சட்ட வரைவுக் கமிட்டிக்குத் தலைவரானார். கையெழுத்துப் போடும் இடத்தை அவருக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

இப்போது நெசவாளித் தோழருக்கு வருகிறோம். உத்தியோகத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறோம். இந்தப் பட்டத்தைக் காட்டினவுடன் கூப்பிட்டுச் சம்பளம் கொடுப்பார் யாருமில்லை. எந்தப் பட்டம் பெற்றவனும் சிவில் சர்வீஸ் பரீட்சை எழுதலாம். அதில் அரசியலை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். மேற்கொண்டு மூன்று வருஷம் படித்து வக்கீலாகலாம். ஆசிரியராகலாம். இவை கிடைப்பது நிச்சயமல்ல, போட்டிதான். வீட்டில் கடன் எவ்வளவு, இன்னொரு சம்பாத்தியம் உண்டா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அதை நாம் மேடையில் நின்று தீர்த்துச் சொல்ல முடியாது.

ஆனால் சேர்ப்பதாக இருந்தால், காலேஜைப் பார்க்கப் போகும்போது சுவரையும் கட்டடத்தையும் பார்த்து வராதீர்கள். அங்கே புஸ்தகசாலை எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளைகளைச் சட்டசபை நடவடிக்கையையும் வரவு செலவுத் திட்டத்தையும் படிக்க வைக்கிறார்களா, அல்லது நோட்ஸை நெட்டுருப் போட வைக்கிறார்களா என்று இரண்டாம் வருஷத்துப் பையன் ஒருவனைத் தனியாய்க் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆசிரியரைக் கேட்டால் சரியான பதில் வராது! பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் மந்திரம் போல ஒப்பிக்கச் சொல்கிற இடமாயிருந்தால், பையன் வேறு பாடமே படிக்கட்டும்.

பையனுக்கும் ஒரு வேலை சொல்கிறோம். முன் வரிசையில் தலையைக் குனிந்து கொண்டிருக்கிறானே, அவன்தான் என்று நினைக்கிறோம். ஆகஸ்டு 15ந் தேதி உங்கள் ஊரில் கிராம சபை கூடும். உனக்கு இன்னும் ஓட்டு வயது வரவில்லை. ஆகவே உன் தகப்பனார் எழுந்து பஞ்சாயத்தின் வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தொகையையும் எழுதிக்கொள். புரியாத இனத்துக்கு நேரே ஒரு கோடு போட்டு வை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைச் சங்கத்துக்குக் கொண்டு வந்தாயானால் எல்லோருமாக உட்கார்ந்து பார்க்கலாம்.