ஒத்துப்போன விடை

(குறுவள மையக் கூட்டமொன்றில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கிறீர்கள். நிகழ்தகவு பற்றிப் பேசச் சொன்னார்கள். பாடம் நடத்திக் காட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதைவிட, இந்தப் பாடத்தில் நானே செய்த ஒரு தவற்றைச் சொல்வது பயன் தரும் என்று தோன்றியது. கணக்கில் ஒரு தவறு, பிள்ளைகளிடம் ஒரு தவறு. இரண்டும் ஒரே தவறுதான் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்புக்கு ஒரு வகுப்புத் தேர்வு வைத்தேன். பாடநூலில் இரண்டு பகடைகளை உருட்டும் கணக்குகள் இருக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் மாற்றி நானே ஒரு வினா எழுதினேன்:

'இரண்டு சீரான பகடைகள் ஒரே நேரத்தில் உருட்டப்படுகின்றன. குறைந்தது ஒரு பகடையிலாவது 6 கிடைத்துள்ளது எனில், இரண்டிலும் 6 கிடைத்திருப்பதற்கான நிகழ்தகவு என்ன?'

விடைக்குறிப்பில் 1/6 என்று எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு பகடையில்தான் 6 வந்துவிட்டதே, மற்றொன்றிலும் 6 வர ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பெரும்பாலான பிள்ளைகள் 1/6 என்றே எழுதியிருந்தார்கள். இரண்டு தாள்களில் மட்டும் 1/11 என்று இருந்தது. ஒன்று நன்றாகப் படிக்கும் மாணவியுடையது. மற்றொன்று கணக்கில் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கே திணறும் ஒரு மாணவனுடையது. இருவரும் அடுத்தடுத்த பெஞ்சு. 11 என்பது விநோதமான எண். தப்பாக எழுதினாலும் இரண்டு பேர் அதே தப்பை எப்படி எழுதுவார்கள்? அவன் பார்த்து எழுதியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். தாளைக் கொடுக்கும்போது வகுப்புக்கு நடுவே அவனை நிறுத்தி, "பார்த்து எழுதுறதுதான் எழுதுற, சரியான விடையா பார்த்து எழுதக் கூடாதா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை அந்த மாணவி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், அவன் என்னைப் பார்த்து எழுதலை. அவன் தாளோட கடைசிப் பக்கத்தைப் பாருங்க."

பார்த்தேன். பென்சிலால் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு, 6 இருக்கும் கட்டங்களை மட்டும் நிழலிட்டு, ஒவ்வொன்றாக எண்ணியிருந்தான். அந்த மாணவியோ கட்டமே போடவில்லை. வரிசைச் சோடிகளாக எழுதி எண்ணியிருந்தாள். வழி வேறு, விடை ஒன்று. நான் இருவருடைய விடையை மட்டும் பார்த்தேன், வழியைப் பார்க்கவில்லை.

பதினொன்று எங்கிருந்து வந்தது?

அந்தக் கட்டத்தை நீங்களும் மனத்தில் போட்டுப் பாருங்கள். ஒன்று சிவப்புப் பகடை, மற்றொன்று நீலப் பகடை. சிவப்பின் எண்கள் நிரைகளில், நீலத்தின் எண்கள் நிரல்களில். மொத்தம் 36 கட்டங்கள். இதுதான் கூறுவெளி.

'குறைந்தது ஒன்றில் 6' என்று சொன்னவுடன் 36 கட்டங்களும் நமக்குத் தேவையில்லை. சிவப்பில் 6 வரும் நிரையில் 6 கட்டங்கள், நீலத்தில் 6 வரும் நிரலில் 6 கட்டங்கள். கூட்டினால் 12. ஆனால் இரண்டிலும் 6 வரும் மூலைக் கட்டம் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. ஒன்றைக் கழித்தால் 11. அந்த 11 கட்டங்களில் நாம் தேடுவது மூலையில் உள்ள ஒன்றே ஒன்று. எனவே 1/11.

பதினோராம் வகுப்பில் இதையே சார்புநிலை நிகழ்தகவு என்று படிக்கிறார்கள். இரண்டு நிகழ்ச்சிகளும் சேர்ந்து நிகழும் நிகழ்தகவை, ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டதாகத் தெரிந்த நிகழ்ச்சியின் நிகழ்தகவால் வகுக்க வேண்டும். 1/36ஐ 11/36ஆல் வகுத்தால் 1/11. சூத்திரம் சொல்வதும் அந்த மாணவன் பென்சிலால் செய்ததும் ஒன்றுதான்: தகவல் கிடைத்ததும் கூறுவெளி சுருங்குகிறது. சுருங்கிய வெளியில் எண்ண வேண்டும்.

மறுநாள் வகுப்பில் நான் விளக்கவில்லை; உருட்டச் சொன்னேன். 10 குழுக்கள், ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பகடைகள், 36 முறை உருட்டல். ஆக மொத்தம் 360. கணக்குப்படி ஒரு 6ஆவது விழுவது 110 முறை, இரண்டும் 6 ஆக விழுவது 10 முறை. நான் சொன்ன 1/6 சரியென்றால், அந்த 110இல் 18 முறையாவது இரட்டை ஆறு விழ வேண்டும். கரும்பலகையில் கூட்டிப் பார்த்தோம். எண்கள் கச்சிதமாக 110, 10 என்று வரவில்லை. சோதனையில் அப்படி வரவும் வராது. ஆனால் இரட்டை ஆறு 18 பக்கமே போகவில்லை, 10ஐ ஒட்டியே நின்றது.

"என் விடைதான் தப்பு. அவங்க ரெண்டு பேர் எழுதினதுதான் சரி. அவன் பார்த்து எழுதினான்னு நான் சொன்னதும் தப்பு" என்று அதே வகுப்பில், அதே இடத்தில் நின்று சொன்னேன்.

ஒரு மூடியைத் திறந்தால்?

அப்போதுதான் அவன் முதன்முறையாக எழுந்து ஒரு கேள்வி கேட்டான். "டீச்சர், நீங்க ஒரு பகடையை மட்டும் பார்த்துட்டு, இதுல ஆறுன்னு சொன்னா அப்பவும் பதினொண்ணுல ஒண்ணுதானா?"

நல்ல கேள்வி. விடை, இல்லை. 'சிவப்பில் 6' என்று தெரிந்தால் மிஞ்சுவது ஒரே நிரை, ஆறு கட்டங்கள். விடை 1/6.

நிறமே இல்லாவிட்டால்? இரண்டு பகடைகளையும் இரண்டு கொட்டாங்கச்சிகளால் மூடி, ஏதோ ஒன்றைத் திறந்து பார்க்கிறேன், 6 தெரிகிறது. இப்போதும் விடை 1/6தான். 36 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூடிகளில் ஏதாவது ஒன்றைத் திறக்கலாம். ஆக 72 வாய்ப்புகள். அவற்றில் 6 தெரிவது 12. அந்த 12இல் இரட்டை ஆறிலிருந்து வருவது 2, எந்த மூடியைத் திறந்தாலும் அங்கே 6தான். 2/12 என்றால் 1/6.

யாரோ இரண்டு பகடைகளையும் பார்த்துவிட்டு, "6 இருக்கிறதா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்றால் 1/11. நானே ஒன்றைத் திறந்து 6ஐக் கண்டால் 1/6. கேட்க ஒரே தகவல்போல இருக்கிறது. ஆனால் அது எப்படிக் கிடைத்தது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. வினாத்தாள் எழுதும் நாம், 'ஒரு பகடையில் 6' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பெஞ்சுக்குத் திரும்புவோம்

இப்போது என் இரண்டாவது தவறு. 'பார்த்து எழுதினால் விடை ஒத்துப்போகும்' என்பது உண்மை. அதை அப்படியே திருப்பிப் போட்டு, 'விடை ஒத்துப்போனால் பார்த்து எழுதியிருக்கிறான்' என்று எடுத்துக்கொண்டேன். இரண்டும் வெவ்வேறு நிகழ்தகவுகள்.

ஒரு கற்பனைக் கணக்கு. வகுப்பில் 40 பேர். அவர்களில் 4 பேர் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுகிறார்கள். நான்கு பேர் விடையும் ஒத்துப்போகிறது. மீதி 36 பேர் தாங்களாகவே எழுதுகிறார்கள். அவர்களிலும் 12 பேர் விடை பக்கத்துத் தாளோடு ஒத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்து எழுதினால் ஒத்துப்போவதன் நிகழ்தகவு 4/4. ஆனால் ஒத்துப்போன தாள்கள் மொத்தம் 16. அவற்றில் பார்த்து எழுதியவை 4. அதாவது 1/4. ஒத்துப்போன நால்வரில் மூவர் நேர்மையாக எழுதியவர்கள். சரியான விடை என்றால் ஒத்துப்போவது இன்னும் இயல்பு. அந்த விடை சரி என்பதே எனக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

இந்தத் தவறு வகுப்பறையோடு நிற்பதில்லை. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாயின் இரண்டு கைக்குழந்தைகள், ஒன்றன்பின் ஒன்றாக, திடீரென்று இறந்தன. 1999இல் அவருக்குக் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணையில் மருத்துவ நிபுணர் ஒருவர், அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க 8,543இல் ஒன்றுதான் வாய்ப்பு என்றார். இரண்டு குழந்தைகளுக்கு அதை அதே எண்ணால் பெருக்கி, சுமார் 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார்.

இரண்டு பகடைகளுக்கு அப்படிப் பெருக்கலாம்; ஒன்று விழுவது மற்றதைப் பாதிக்காது. ஒரே தாய்க்குப் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு குழந்தைகள் அப்படியா? அது முதல் பிழை. இரண்டாவது பிழை, என்னுடையதேதான். அந்த எண், இரு குழந்தைகள் இயற்கையாக அப்படி இறப்பது எவ்வளவு அரிது என்பதைச் சொல்ல வந்தது. தாய் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பு அதுவல்ல. ஒரு தாய் தன் இரு குழந்தைகளைக் கொல்வதும் மிக அரிதானதே. இரண்டு அரிய நிகழ்வுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்க வேண்டும். 2001இல் அந்நாட்டின் ராயல் புள்ளியியல் கழகம் இந்தப் பிழையைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. வெளியிடப்படாமல் இருந்த மருத்துவப் பரிசோதனை முடிவுகள் தெரிய வந்த பின், 2003இல் மேல்முறையீட்டில் தண்டனை நீக்கப்பட்டது. அதற்குள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார்.

வகுப்பில் செய்ய

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு செயல்பாடு. ஆறு குழந்தைகளை 1 முதல் 6 வரை எண் அட்டையோடு நிற்க வையுங்கள். பகடையை மூடி உருட்டிவிட்டு, "விழுந்தது இரட்டை எண்" என்று மட்டும் சொல்லுங்கள். யாரெல்லாம் உட்கார வேண்டும்? 1, 3, 5 உட்காருவார்கள். இப்போது 2ஆக இருக்க வாய்ப்பு எவ்வளவு? நிற்பவர் மூவரில் ஒருவர். சூத்திரம் இல்லை, பெயர் இல்லை, ஆனால் சார்புநிலை நிகழ்தகவு அங்கே நிற்கிறது.

உயர்நிலை வகுப்புக்குத் தாயக்கட்டை எடுத்துச் செல்லுங்கள். நான்கு பக்கங்கள், ஒன்று வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3. இரண்டு கட்டைகளுக்கு 16 கட்டங்கள். ஒன்றில் வெறுமை, மற்றதில் 1 விழுந்தால் தாயம். நான்கு பக்கங்களும் சம வாய்ப்புள்ளவை என்று கொண்டால் தாயம் விழ 2/16, அதாவது 1/8. 'குறைந்தது ஒரு கட்டையில் வெறுமை' என்று தெரிந்தால் மிஞ்சுவது 7 கட்டங்கள், தாயத்துக்கு 2/7. வீட்டில் ஆடிய பிள்ளைகள் இதில் நம்மைவிட வேகமாக எண்ணுவார்கள்.

இன்னொன்று, நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. விடைக்குறிப்போடு ஒத்துப்போகாத விடை இரண்டு தாள்களில் வந்தால், மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் அந்த இரண்டு பேரையும் தனித்தனியே கூப்பிட்டு, "இதை எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்கிறேன். பார்த்து எழுதியவர்களும் கிடைத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கேட்ட பிறகுதான் முடிவு.

அந்த மாணவன் பொதுத்தேர்வில் கணக்கில் பெரிய மதிப்பெண் ஒன்றும் எடுத்துவிடவில்லை, தேர்ச்சி பெற்றான். அந்த நாளுக்குப் பிறகு ஆண்டு முடியும்வரை வகுப்பில் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான். அந்த மாணவி அன்று மாலை வாசலுக்கு வராமல் இருந்திருந்தால், அவன் கேட்ட அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.