மஸ்கெலியா ஓயாவின் கரையிலே



சிவனொளிபாதமலைச் சாரலிலே பிறக்கும் மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகிக் கொழும்பருகே கடலை அடைகின்றது. அதன் கரையிலே, சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் கடைவீதியாக விளங்கியது பழைய மஸ்கெலியா நகர். 1969இல் மவுஸ்ஸாக்கலை அணை நிறைவெய்தியபோது அந்நகர் நீரில் மூழ்கிற்று. மேட்டிலே புதுநகர் எழுந்தது. கடும் வறட்சியில் நீர் வற்றுங்கால், பழைய கோயிற் சுவர்கள் சேற்றினின்றும் இன்றும் தலைகாட்டும்.

நகருக்கு மாற்றிடம் கிடைத்தது. தோட்டத்து மக்களுக்கோ? அந்நீர் மின்னொளியாகி நாடெங்கும் செல்கின்றது. கொழுந்து பறிப்போர் பலர் இன்னும் லயத்துக் காம்பிராக்களிலேயே வாழ்கின்றனர். தலைமுறை பல கழிந்தும் காம்பிரா தோட்டத்துக்கே உரியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003 வரை சட்டங்கள் இயற்றவேண்டியிருந்தது.

அண்மைக் காலத்திலே 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்னும் திட்டம் வந்தது. இந்திய உதவியாலும் வீடுகள் எழுந்தன. ஏழு பேர்ச்சஸில் வீடு போக மாட்டுக்கொட்டிலுக்கு இடமேது என்று கேட்போர் உளர், நியாயமான கேள்வியே. வீடு கிடைத்தும் காணி உறுதி கைக்கு வராமற் காத்திருந்தோரும் உளர். லயத்துப் பிள்ளையின் பரீட்சைக் கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்து, பிந்தியே கைசேர்வதுண்டு. உறுதியும் இலக்கமும் உள்ள வீட்டுக்குத் தபாற்காரர் நேரே படியேறி வருவார்.