கருணையன்று, உரிமை!

(மூதூரில் மாண்ட தொண்டு நிறுவன ஊழியரின் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருமலைத் துறைமுகத்திலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்தால் மூதூர். அங்கே 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் ‘அக்சன் பாம்’ என்னும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நால்வர் பெண்கள். ஆழிப்பேரலையால் அல்லலுற்றோர்க்குக் குடிநீரும் சுகாதார வசதியும் அமைத்துக் கொடுப்பதே அவர்தம் பணி. மாவிலாற்று மதகை முன்னிட்டு மூண்ட போர் மூதூரைச் சூழ்ந்தபோது அவர்கள் அலுவலக வளவிலேயே இருந்தனர். மாண்டது வேலைத்தலத்தில், அணிந்திருந்தது நிறுவனத்தின் சட்டை. அவர்கள் தொழிலாளராகவே மாண்டனர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தொழிலில் உயிர் நீத்தவனின் குடும்பத்துக்கு இரண்டு கடன்கள் தீர்க்கப்படல் வேண்டும். முதலாவது சோறு, இரண்டாவது உண்மை.

முதற் கடனுக்குச் சட்டம் உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழில் காரணமாகவும் தொழில் வேளையிலும் நேரும் விபத்தில் ஊழியர் இறப்பின், அவரை நம்பி வாழ்ந்தோர்க்கு வேலைகொள்வோர் ஈடு செய்ய வேண்டுமென விதிக்கிறது. ஐந்தரை இலட்சம் ரூபாவாக இருந்த உச்ச வரம்பு 2022இல் இருபது இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் இதற்குப் புறம்பானவை. ஆயினும், நியமனக் கடிதமின்றி நாட்கூலிக்கு மூட்டை சுமப்பவனின் மனைவி எதைக் காட்டி வழக்காடுவாள்? தன் வயலில் உழும் கமக்காரனுக்கு முதலாளி யார்? விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்க்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பதிவில் பெயரில்லாதவனின் குடும்பத்துக்கு அவை ஏட்டுச் சுரைக்காயே!

இரண்டாவது கடனோ இன்னும் தீரவில்லை. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அரச பாதுகாப்புப் படையினரைக் குற்றஞ்சாட்டியது, அரசாங்கம் மறுத்தது. உடலாகம ஆணைக்குழு 2006இல் அமைக்கப்பட்டது; அதன் அறிக்கை 2015இலேயே வெளியிடப்பட்டது. இன்றுவரை ஒருவரேனும் தண்டிக்கப்படவில்லை.

ஆகவே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நட்டஈடு என்பது மௌனத்தின் விலையன்று. பணம் பெற்றுக்கொண்டதால் ஒரு தாயின் நீதி கேட்கும் வாய் அடைபடாது. நீதிக்காகக் காத்திருப்பதால் அவள் பேரப்பிள்ளைகள் பட்டினி கிடக்கவும் வேண்டியதில்லை. ஒரு கடனைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிவைப்பது அறமாகாது.

சட்டமறிந்தோரே, ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே! ஆணையாளருக்கு ஒரு விண்ணப்பம் வரையத் தெரியாமல் கலங்கும் கைம்பெண் உங்கள் ஊரிலும் இருப்பாள். அவள் வாசலுக்கு நீங்களே செல்லுங்கள். கமக்காரரே, தொழிலாளரே! நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயர் பதிவில் ஏறியதா என்று பாருங்கள். அத்தாள்கள் இருக்கும் இடத்தை மனைவி மக்களுக்குச் சொல்லி வையுங்கள். அந்தப் பதினேழு பேரின் குடும்பங்கள் கேட்பது நமது இரக்கத்தையன்று, தமக்குரியதை. அது கிடைக்கும்வரை அவர்களுடன் நாமும் நிற்போம்.