இணைப்பு அறுந்த இடம் எது?

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் பேசுவோர் பெரும்பாலும் கடந்து வந்த பாதையை எடுத்துரைப்பர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதனினும் சிறியது. ஆயினும், கணிப்பொறி பயிலும் நம் பிள்ளைகளை அடிக்கடி தடுத்து நிறுத்துவது. நிரல் எழுதும் கருவிக்கும், அந்நிரலைக் காத்து வைக்கும் சர்வருக்கும் இடையே இணைப்பு அறுந்துபோனால், அறுந்த இடத்தை எவ்வாறு கண்டறிவது என்பதே அப்பொருள்.

இதனை ஏன் பேச வேண்டும் என்று பெற்றோர் கேட்கலாம். வீட்டில் கேட்டறிய ஒருவரும் இல்லாத பிள்ளை, திரையில் சிவப்பெழுத்தைக் கண்டதும், 'இக்கல்வி நமக்கு வாராது' என்று எண்ணிவிடுகிறது. அவ்வெண்ணம் முற்றிலும் தவறு. இணைப்பு அறுவதற்கும் அறிவுக் குறைவிற்கும் தொடர்பில்லை. தேர்ந்த பொறியாளருக்கும் அதே எழுத்துத்தான் தோன்றும். அவர் அதனைப் படித்துப் பார்க்கிறார். புதியவர் அஞ்சி மூடிவிடுகிறார். வேறுபாடு இவ்வளவே.

முதற்கண், அந்தச் சர்வரின் பணி யாது என்பதைக் காண்போம். ஒரு பெரிய நிரல் ஒரே நாளில் எழுதி முடிக்கப்படுவதன்று. பலர் கூடிப் பல மாதங்கள் எழுதுவது. இன்று எழுதியதை நாளை திருத்துவது. எந்நாளில், எவர், எவ்வரியை, எதற்காக மாற்றினார் என்னும் வரலாற்றை ஒழுங்காகப் பதிந்து வைக்கும் முறைக்குப் பதிப்புக் கட்டுப்பாடு என்று பெயர். இதற்கெனச் சி.வி.எஸ்., சப்வெர்ஷன் முதலிய மென்பொருள்கள் முன்னர்ப் பெருவழக்கில் இருந்தன. லினக்ஸ் கருவினைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ், அதன் பணிக்கென்றே 2005 ஆம் ஆண்டில் கிட் என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினார். இன்று அதுவே உலகெங்கும் மிகுதியாக வழங்குகிறது. கிட் பதிவுகளை ஏற்றுக் காக்கும் சர்வர்களுள் கிட்ஹப் என்பது பலரும் அறிந்தது.

சப்வெர்ஷனில் ஒரு மாற்றத்தைப் பதிவதற்கே சர்வரின் தொடர்பு வேண்டும். கிட் அத்தகையதன்று. வழக்கமாக எடுக்கப்படும் படியில் முழு வரலாறும் நம் கணிப்பொறியிலேயே இருக்கிறது. ஆகவே, கமிட் செய்வதற்கு இணைப்புத் தேவையில்லை. அதனைச் சர்வருக்கு அனுப்பும் புஷ், அங்கிருந்து பெறும் ஃபெட்ச், புல் ஆகியவற்றிற்கே இணைப்பு வேண்டும். எனவே இணைப்பு அறுந்தால், பதறாமல் வேலையைத் தொடரலாம். கமிட் செய்துகொண்டே போகலாம். வழி திறந்தபின் அனைத்தையும் சேர்த்து அனுப்பலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. இணைப்பு வரவில்லை என்று சினந்து, கோப்புறையையே அழித்துவிட்டுப் புதிதாகப் படியெடுக்க முனைவோர் உளர். இன்னும் அனுப்பப்படாத கமிட்டுகள் அக்கோப்புறையோடு அழிந்துபோகும். சில வார உழைப்பு ஒரு நொடியில் மறையும். ஆதலின், எதனைச் செய்யுமுன்னும் அக்கோப்புறையை அப்படியே ஒரு பென்டிரைவில் படியெடுத்து வைத்துக்கொள்க. இதுவே முதல் விதி.

இனி, அறுந்த இடத்தைத் தேடும் முறைக்கு வருவோம். தொலைவிலுள்ள ஒரு பள்ளியில் தம் மாற்றுச் சான்றிதழைப் பெறச் செல்லும் மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளி எங்குள்ளது என்று தெரிய வேண்டும். அங்குச் செல்லும் சாலை திறந்திருக்க வேண்டும். சென்று சேர்ந்த இடம் அப்பள்ளிதானா என்று உறுதி செய்ய வேண்டும். தாம் யார் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். கேட்கும் சான்றிதழ் தமக்கு உரியதாக இருக்க வேண்டும். இடம், சாலை, நம்பகம், அடையாளம், உரிமை என்னும் இவ்வைந்தே கருவியும் சர்வரும் இணைவதற்கான படிகளும் ஆகும். ஒவ்வொரு படியிலும் மறுப்பின் சொல் வேறு. சொல்லைப் படித்தால் படி தெரியும்.

இப்படிகளில் இறங்குமுன் ஒரு சோதனை செய்தல் நலம். எக்லிப்ஸ், விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற கருவியின் வழியே புஷ் நிகழவில்லையெனில், கட்டளைத் திரையைத் திறந்து, அதே கோப்புறையில் அதே வேலையைக் கிட் கட்டளையால் செய்து பாருங்கள். கட்டளைத் திரையில் நிகழ்ந்து கருவியில் நிகழவில்லையானால், பழுது கருவியின் அமைப்பில் உள்ளது. இரண்டிலும் நிகழவில்லையானால், பழுது அதற்கு அப்பால் உள்ளது. இவ்வேறுபாடு எழக் காரணம் உண்டு. விஷுவல் ஸ்டுடியோ கோட், கணிப்பொறியில் நிறுவப்பட்டுள்ள கிட்டையே பயன்படுத்துகிறது. எக்லிப்ஸோ ஜாவா மொழியில் எழுதப்பட்ட ஜேகிட் என்னும் தனி நூலகத்தைப் பயன்படுத்துகிறது. ஆகவே அதன் அமைப்புகளும் நம்பிக்கைப் பட்டியலும் வேறாக இருக்கக்கூடும்.

முதற்படி, இடம். 'குட் நாட் ரிசால்வ் ஹோஸ்ட்' என்று வந்தால், சர்வரின் பெயருக்குரிய எண் முகவரி கிடைக்கவில்லை என்பது பொருள். பெயரில் எழுத்துப் பிழை இருக்கலாம், இணையமே இல்லாதிருக்கலாம், முகவரி கூறும் டி.என்.எஸ். அமைப்பு விடையளிக்காமல் இருக்கலாம். நிறுவனத்தின் உள் சர்வராயின், வி.பி.என். வழியே நுழைந்தால் மட்டுமே அப்பெயர் தெரியவரும். இந்நிலையில் கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. கேட்டவர் எவர் என்று சர்வர் இன்னும் அறியவேயில்லை.

இரண்டாம் படி, சாலை. ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் எனப்படும் வாயில் எண் உண்டு. எஸ்.எஸ்.எச். முறைக்கு 22, எச்.டி.டி.பி.எஸ். முறைக்கு 443, சப்வெர்ஷனின் சொந்த முறைக்கு 3690, கிட்டின் பழைய மறைப்பற்ற முறைக்கு 9418. இவற்றுள் இறுதியாகக் கூறிய முறையைக் கிட்ஹப் 2022 மார்ச் மாதத்தில் நிறுத்திவிட்டது. பழைய நூல்களில் கண்ட முகவரியை அப்படியே எழுதினால் அது திறவாது.

'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்றால் நெடுநேரம் காத்தும் விடையில்லை என்பது பொருள். இடையிலுள்ள ஃபயர்வால் செய்தியை விழுங்கிவிடுவதே பெரும்பாலும் காரணம். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் விடை உடனே வந்தது, ஆனால் மறுப்பாக வந்தது என்பது பொருள். அவ்வாயிலில் சேவை ஓடவில்லை, அல்லது வாயில் எண் தவறு எனக் கருதுக. கல்லூரிகள் பலவற்றில் 443 திறந்தும் 22 மூடியும் இருக்கும். அங்கு எச்.டி.டி.பி.எஸ். முகவரிக்கு மாறிக்கொள்ளலாம். கிட்ஹப் தன் எஸ்.எஸ்.எச். சேவையை 443 இலும் தனிப்பெயரில் நடத்துகிறது, அதனையும் பயன்படுத்தலாம். ஐயம் தீரக் கைப்பேசியின் இணையத்தோடு கணிப்பொறியை இணைத்துப் பாருங்கள். அங்கு நிகழ்ந்தால், பழுது கல்லூரியின் வலையமைப்பில் உள்ளது. கல்லூரிக்கென எழுதி வைத்த பிராக்சி அமைப்பு, வீட்டிற்கு வந்தபின்னும் கிட்டில் தங்கிவிடுவதும் உண்டு. அதனையும் பார்த்து நீக்குக.

மூன்றாம் படி, நம்பகம். இதுவே மிகவும் கவனிக்கத்தக்கது. எச்.டி.டி.பி.எஸ். முறையில் சர்வர் தன் சான்றிதழைக் காட்டுகிறது. சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய கணிப்பொறியின் தாய்ப்பலகையில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால், தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். உடனே எல்லாச் சான்றிதழும் செல்லாதவையாகத் தோன்றும். நாளையும் நேரத்தையும் திருத்தினால் பழுது நீங்கும். பேட்டரியை மாற்றினால் மீண்டும் வாராது.

சில அலுவலகங்களில் ஃபயர்வால் இடைநின்று, போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்து, தன் சொந்தச் சான்றிதழைக் காட்டும். அதன் மூலச் சான்றிதழ் இயக்குதளத்தில் சேர்க்கப்பட்டிருப்பதால் உலாவி அதனை ஏற்கும். தனி நம்பிக்கைப் பட்டியல் உடைய ஜாவாக் கருவி ஏற்காமல் போகலாம். 'உலாவியில் திறக்கிறது, எக்லிப்ஸில் திறக்கவில்லை' என்னும் புதிரின் விடை பலமுறை இதுவே. வலையமைப்பின் பொறுப்பாளரிடம் அம்மூலச் சான்றிதழைப் பெற்றுக் கருவியின் பட்டியலில் சேர்த்தலே முறையான தீர்வு.

ஆனால், சான்றிதழ்ச் சோதனையையே நிறுத்திவிடுமாறு அறிவுரை கூறுவோர் மிகப் பலர். ஒரே கட்டளையில் சிவப்பெழுத்து மறைந்துவிடும் என்பது மெய்தான். அதனோடு காவலும் மறைந்துவிடும். இடையில் நிற்கும் எவரும் சர்வரைப் போல் வேடமிட்டு நம் திறவுச் சொல்லைப் பெற்றுக்கொள்ள இயலும். கதவு திறக்கவில்லை என்று பூட்டையே பெயர்த்தெறியும் செயலை அறிவுடைமை என்று எவரும் கூறார்.

எஸ்.எஸ்.எச். முறையில் சர்வர் தன் அடையாளத் திறவுகோலைக் காட்டுகிறது. முதன்முறை கண்டதைக் கணிப்பொறி எழுதி வைத்துக்கொள்கிறது. பின்னர் அது மாறினால், பெரிய எழுத்துகளில் எச்சரிக்கை வரும். 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் ஆர்.எஸ்.ஏ. திறவுகோலை மாற்றியது. அதன் இரகசியப் பகுதி ஒரு பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளிப்பட்டுவிட்டதே காரணம். அத்திறவுகோலை நம்பியிருந்தோர் அனைவருக்கும் எச்சரிக்கை தோன்றியது. அந்நாளில் சரியான செயல் யாது? எச்சரிக்கையைக் கண்மூடி நீக்குவதன்று. சர்வர் நடத்துவோர் வெளியிட்டுள்ள புதிய கைரேகை எண்ணோடு திரையிலுள்ளதை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டும் பழையதை நீக்கிப் புதியதை ஏற்பதே ஆகும்.

நான்காம் படி, அடையாளம். 'பெர்மிஷன் டினைடு', அதாவது 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் சொற்றொடர் இங்குத் தோன்றும். இச்சொல் நம் முன்னோர் செவியில் வேறொரு பொருளில் ஒலித்தது. இங்கோ சர்வர் ஆளைப் பார்ப்பதில்லை; பிறப்பைப் பார்ப்பதில்லை; காட்டிய திறவுகோலை மட்டுமே பார்க்கிறது. சரியான திறவுகோலைக் காட்டினால் கதவு திறந்தே தீரும். ஆதலால் இம்மறுப்பைக் கண்டு உள்ளம் ஒடுங்க வேண்டா.

எஸ்.எஸ்.எச். முறையாயின், பொதுத் திறவுகோல் சர்வரில் சேர்க்கப்பட்டுள்ளதா, தனித் திறவுகோலைக் கருவி எடுத்துக் கொடுக்கிறதா என்று காண்க. தனித் திறவுகோல் கோப்பைப் பிறரும் படிக்குமாறு விட்டிருந்தால் எஸ்.எஸ்.எச். அதனைப் பயன்படுத்த மறுக்கும். 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 8.8, எஸ்.எச்.ஏ.1 கொண்டு இடும் பழைய ஆர்.எஸ்.ஏ. கையொப்பத்தை இயல்பாக ஏற்பதில்லை. ஆகவே பழைய கருவியும் புதிய சர்வரும் ஒத்துப்போகாமல் நிற்கலாம். எச்.டி.டி.பி.எஸ். முறையாயின், 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் இப்பணிக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை, டோக்கன் வேண்டும். டோக்கனுக்கும் காலக்கெடு இருக்கலாம். விண்டோஸ் தன் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையதைச் சேமித்து வைத்து, நம்மைக் கேளாமலே மீண்டும் மீண்டும் அனுப்புவதும் உண்டு. அப்பழையதை நீக்கினால் புதியதைக் கேட்கும்.

ஐந்தாம் படி, உரிமை. 'ரெப்பாசிட்டரி நாட் ஃபவுண்டு' என்று வந்தால் களஞ்சியம் இல்லை என்று முடிவு செய்யற்க. உரிமையில்லாத ஒருவருக்குத் தனிக் களஞ்சியம் இருப்பதையே கிட்ஹப் வெளியிடுவதில்லை. முகவரி சரியாக இருந்தால், வேறொருவர் கணக்கில் நுழைந்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். பலர் பயன்படுத்தும் பொதுக் கணிப்பொறியில் இது எளிதில் நேரக்கூடியது.

மாணவச் செல்வங்களே! எந்தப் படியில் நின்றது என்று தெரியாவிடில், எஸ்.எஸ்.எச். கட்டளையோடு சிறிய 'வி' என்னும் குறியைச் சேர்த்து இயக்குக. அது தன் ஒவ்வோர் அடியையும் எழுதிக் காட்டும். கடைசியாக எழுதிய வரிகளின் அருகில்தான் பழுது இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதுக. பிறரிடம் உதவி கேட்கும்போது, 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் கூறாதீர்கள். திரையில் வந்த செய்தியை முழுமையாகத் தாருங்கள். டோக்கனையும் தனித் திறவுகோலையும் எவருக்கும் காட்டாதீர்கள்.

பெற்றோர்களுக்கும் மூத்த மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கற்றவர், கல்லாதவர்க்குப் பழுதை நீக்கிக் கொடுத்துவிட்டு எழுந்து போதல் போதாது. அருகில் அமர்ந்து, 'இது எந்தப் படி?' என்று கேட்டு, அவர் கையாலேயே நீக்கச் செய்தல் வேண்டும். ஒருவர் கற்றதை ஒன்பதின்மருக்குக் கற்பிப்பதே இத்தகைய சங்கங்கள் நிலைபெற்றதன் பயன். இணைப்பு அறுவது இயல்பு. அறுந்த இடத்தை அறிவது கல்வி. அக்கல்வியை நம் பிள்ளைகள் குறைவறப் பெறுவார்களாக என்று வாழ்த்தி அமைகிறோம்.